முட்டைத் தட்டில் வழிந்த மாவு

மாடிப்படியில் ஓடுகிறேன். முந்தானையைச் செருகக்கூட நேரமில்லை. கீழ்வீட்டிலிருந்து பத்மாவின் தெலுங்குக் குரல்.

"வதினா! கரெண்ட் போயிந்தி! மீ பிண்டி பொங்கிபோதோந்தி! தொந்தரகா ரண்டி!"

கரெண்ட் போய் மாவு பொங்குகிறதாம், சீக்கிரம் வரச் சொல்கிறாள். என் மாவு. அவள் வீட்டு ஃப்ரிட்ஜில்.

2001, மே மாதம். செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்து நாற்பது. ஹைதராபாத், உப்பல். மதியம் ஒரு மணிக்குப் போன மின்சாரம் இன்னும் வரவில்லை. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம். டக். டக். டக். என் கணவர் நிதானமாக இறங்கி வருகிறார். ஃப்ரிட்ஜ் விஷயம் அவருக்குத் தெரியாது. இன்னும் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வாங்க வசதி இருந்தது. வாங்காததற்குக் காரணம், பத்து. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமைத்த சோறும் அதைத் தொட்டதும் பத்து. பால், தயிர், ஊறுகாய் அதோடு சேரக்கூடாது. பத்தைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். என் கணவர் வீட்டுச் சட்டப்படி உப்புப் போட்ட மாவும் பத்து. போடாத மாவு பத்து இல்லை. எந்தக் கோர்ட்டில் தீர்ப்பானதோ.

"பத்தும் பாலும் ஒரே பொட்டிக்குள்ளயா? நம்மாத்துல அதெல்லாம் நடக்காது."

கல்யாணமானதிலிருந்து இதே பாட்டு. பாடியவர் பொறியாளர். பொதுத்துறைத் தொழிற்சாலை. கருவிகளைக் குளிர்பெட்டிக்குள் வைத்து, உறைபனியிலும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். காலை எட்டு முதல் ஐந்து வரை குளிர்பெட்டி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது படித்ததையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்.

அந்த மார்ச்சில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். டேட்டாபேஸ் பாடம். எட்டரை பேட்ச். இருபத்துமூன்று பேர். முதல் நாள் ஒரு பையன் எழுந்து "மேடம்" என்றான். திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று. என்னைத்தான். அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மூன்று மாதம் தற்காலிகம். பிறகு நிரந்தரம். ஒரே நிபந்தனை, தாமதமாக வரக்கூடாது. உப்பலிலிருந்து இரண்டு பஸ். ஆறு ஐம்பதுக்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மே மாதம் எப்படி இருக்கும்? பாலை மூன்று வேளை காய்ச்ச வேண்டும். அப்படியும் திரியும். காலையில் உறைந்த தயிர் பதினொரு மணிக்கே புளிக்கும். கீரை மத்தியானத்துக்குள் தலை சாய்க்கும். மாவு தினம் அரைக்க வேண்டும். நேற்றையது எதையும் அவர் தொடமாட்டார். ஃப்ரெஷ்ஷாக வேண்டும். அந்த ஃப்ரெஷ்ஷுக்குப் பெயர் ராஜி, அதாவது நான். அதிகாலை நாலரைக்கு எழுந்திருப்பவள். ஏப்ரலில் இரண்டு முறை தாமதமானேன். மூன்றாவது முறை வேண்டாம் என்றார்கள்.

பத்மாதான் கை கொடுத்தாள். அவளாகவே தன் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். மூன்று நாள் மாவு. நறுக்கிய காய். பால். ஐந்து வாரம் ஒருநாள்கூடத் தாமதமில்லை. நிரந்தரமாக இன்னும் இரண்டே வாரம்.

இப்போது பத்மாவின் சமையலறை. ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது. தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வழிந்திருக்கிறது. சொத். சொத். முட்டைத் தட்டுக்குள். ஆறு முட்டை. பாதி மூழ்கிவிட்டன. பத்மா துணியோடு நிற்கிறாள். அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றார்.

"ராஜி. இந்த மாவுலயா இன்னிக்குக் கார்த்தால நேக்கு தோசை வார்த்தே?"

"ஆமாம். நாலு சாப்ட்டேள். நன்னா இருக்குன்னேள்."

அதன்பிறகு அவர் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. புதன், வியாழன், வெள்ளி. கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் கட்டியபடியே திரும்பி வந்தது. ஆபீஸ் கேன்டீனில் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. அந்த கேன்டீனில் முட்டைக்குத் தனி ஃப்ரிட்ஜ் இருந்ததா என்றும் கேட்கவில்லை. பத்மா வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது என்று உத்தரவு. மறுபடி தினம் அரைப்பு, தினம் நறுக்கல். வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பதுக்குப் போனேன். திங்கட்கிழமை ஒன்பது ஐந்து. போர்டில் என் பேர் இருந்த இடத்தில் வேறு பேர் எழுதியிருந்தது. என் பேரைத் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை. நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வீட்டிலும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அவரை வெறுக்கிறேன் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட். அவருக்குக் கண்ணில் ஏதோ தொற்று. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். குளிரில் வைக்கச் சொன்னார். காலை பதினொன்றரைக்குச் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு டிராலி ஆட்டோவில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. நீல நிறம். மருந்துக்குப் பத்து கிடையாதாம்.

ஏற்பாடெல்லாம் அவரே செய்தார். மேலே பால், தயிர், கண் மருந்து. கீழே பத்து. நடுவில் பரணிலிருந்து எடுத்த ஒரு எவர்சில்வர் தாம்பாளம்.

"இப்ப ஒண்ணோட ஒண்ணு படாது பாரு," என்றார். பெரிய கண்டுபிடிப்புபோல.

ஒரு தாம்பாளம். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவை பதினொன்று. அத்தனை நாளும் பரணில்தான் கிடந்தன.

சேதத்தை எழுதி வைக்கிறேன். யாரும் மறக்க வேண்டாம். மாவு, ஒரு தூக்கு. பத்மாவின் முட்டை ஆறு. அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. திரிந்த பால், எண்ணிய வரையில் பதினேழு பாக்கெட். டேட்டாபேஸில் இரண்டு டேபிள்களை எப்படி இணைப்பது என்று நாளைக்குச் சொல்கிறேன் என்று இருபத்துமூன்று பேரிடம் சொல்லியிருந்தேன். சொல்லித் தரவில்லை.

ஆள் சேதம், ஒன்று. ராஜி மேடம். கடைசியாகப் பார்த்தது அமீர்பேட்டில், திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு.

ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. அவருக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.