மில் தெருத் தண்ணீருக்கு உரிய சொல்

சொல்லின் எடையறிந்த செம்மலே! முப்பத்தோராண்டு வாரன்டீல் நகராட்சியின் ஒவ்வோர் அறிவிப்பையும் ஓயாது உரசிப் பார்த்த உரைகல்லே! அன்புத் தோழி க்ளெனிஸ் டாரன்ட் அவர்களே! பணி ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

பூங்கா ஊஞ்சல் அறுந்தாலும் நூலகக் கூரை ஒழுகினாலும் நம் பொறியாளர்கள் ‘என்ஹான்ஸ்’ என்றே எழுதிவந்தார்கள். அது நல்லதற்கு மெருகேற்றும் சொல், ‘இம்ப்ரூவ்’ சுமாரானதை மேம்படுத்தும் சொல், ‘ஃபிக்ஸ்’ கெட்டதைச் சரிசெய்யும் சொல் என்று பிரித்துக் காட்டிச் சலியாது திருத்தினீர்கள். எங்கள் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளைக்கூட விட்டுவைக்கவில்லை!

ஆயினும் எங்கள் நெஞ்சில் நிலைத்தது ஒன்பதாண்டுகளுக்கு முந்தைய அந்தப் பிப்ரவரி. மில் தெருவின் பழைய குழாய்களிலிருந்து தண்ணீரில் ஈயம் கலந்திருப்பது சோதனையில் தெரிந்தது. ‘உங்கள் குடிநீரின் தரத்தை என்ஹான்ஸ் செய்கிறோம்’ என்று அச்சுக்குப் போகவிருந்த தாளில் கையெழுத்திட மறுத்தீர்கள். நம் மேலாளர் ரஸ்ஸல் பொறுமையிழந்தார்.

“ஒரே ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அடமா? நீ அகராதியைத்தான் கட்டிக்கிட்டியா க்ளெனிஸ்?”

“நல்லாத்தான் இருக்கு, இன்னும் நல்லா ஆக்கறோம்னு சொல்ற வார்த்தை அது, ரஸ். அதை நம்பி ஒரு அம்மா அந்தத் தண்ணியிலயே புட்டிப்பால் கலக்குவா.”

“உள்ளதைப் போட்டா ஊரே நம்ம மேல பாயும்.”

“பாயட்டும். ஃபோனை நான் எடுக்கறேன்.”

‘தண்ணீர் கெட்டிருக்கிறது, ஃபிக்ஸ் செய்கிறோம், அதுவரை குடிக்காதீர்கள்’ என்று நீங்கள் எழுதித் தந்ததை ரஸ்ஸல் இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அன்று மாலைக்குள் அது நூற்றுநாற்பது வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சொன்னபடியே இரண்டு நாள் வசவு முழுவதையும் நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். ஒருவரிடமும் குரல் உயர்த்தவில்லை. மூன்றாம் நாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள், ப்ரியோனி என்னும் இளந்தாய்.

“பால் கலக்கத் தண்ணி கொதிக்க வச்சிருந்தேங்க. இந்தத் தாளைப் பாத்ததும் அப்படியே கொட்டிட்டேன். இதை எழுதினவங்களைப் பாத்துட்டுப் போகணும்னு வந்தேன்.”

எதற்கும் கலங்காத நீங்கள் அன்று கழிவறைக்குள் போய் வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள். நாங்கள் பார்த்தோம். உங்களோடு ஒரே அறையில் வேலை செய்கிறோம் என்று ஊரில் தலைநிமிர்ந்து சொல்லத் தொடங்கியது அன்றுதான்.

துணிவின் துணையே! தூய்மையின் துலங்கொளியே! இனி உங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும்! ஆற்றங்கரையில் தூண்டிலோடு நீங்கள் அமரும் நாளெல்லாம் மீன் கடிக்கட்டும்! கண்ணொளி குன்றாது, கால்வலி அண்டாது, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் கொஞ்சி நெடுநாள் நிறைவாய் வாழ்க!

மாறாப் பெருமையுடன்,
ரஸ்ஸலும் அறிவிப்புப் பிரிவுத் தோழர்களும்
வாரன்டீல் நகராட்சி