பட்டை நறுக்கிய புத்தகப்பை

"…மாடிப்படியில விழுந்தா மாடிப்படி மேல கேஸ் போடட்டும் தம்பி! அதைக் கட்டின கொத்தனார் மேல போடட்டும். பூமி கீழ இழுக்குதே, அது மேல போடட்டும். எல்லாத்தையும் விட்டுட்டு என் மேலயா?"

தலைமையாசிரியை பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். நிர்வாகம் அனுப்பிவைத்த இளம் வக்கீல், பேனாவைத் திறந்து பிடித்தபடி, வாய் திறக்க வழியின்றி எதிரே அமர்ந்திருந்தார். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி படியில் உருண்டு முழங்கையை முறித்துக்கொண்டாள். சக மாணவிகள் அவளைப் படுத்திய பாட்டைப் பள்ளி தடுக்கவில்லை என்று அவள் தகப்பனார் வழக்குத் தொடுத்துவிட்டார். வக்கீல் வந்ததும் வராததுமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தொல்லை முன்கூட்டியே தெரியாது என்று நிலைநாட்டிவிட்டால் தலைமையாசிரியையின் பதவி தப்பும். அந்த ஒன்றுதான் அம்மையாரின் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"தெரியாதுன்னு சொல்லணுமா? நானா? ரொம்ப நல்லா இருக்கு! 'மெத்தனம்'னு எழுதியிருக்கான் பாருங்க அந்தத் தகப்பன். மெத்தனமாம்! சொந்தப் பொண்ணு எந்த செக்‌ஷன்னு அவனைக் கேளுங்க, முழிப்பான். எந்த டீச்சர் யார்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்னு வரைக்கும் எனக்குத் தெரியும். எனக்கு முன்னாடி இருந்தாரே ஒரு புண்ணியவான், அவருக்கு வேணா மெத்தனம் பொருந்தும். இதே நாற்காலியில குறட்டை விடுவார். பிள்ளைங்க ஜன்னல்ல எட்டிப் பார்த்து அதுக்குத் தாளம் போடும்! சரி… அது எதுக்கு இப்ப?

என்ன? அடிபட்டவளைப் படுத்தின அந்த மூணு பொண்ணுங்களா? ஏன் தெரியாம! மூணு மகராசிகளும் இவளை 'ஒட்டடைக்குச்சி'ன்னு கூப்பிடறது, படியில வரிசையா நிக்கும்போது இவ புத்தகப்பைப் பட்டையைக் கைப்பிடிக் கம்பியோட சேர்த்துக் கட்டிடறது… பெல் அடிக்கும், இது ஓடும், பை பின்னால இழுக்கும், பொத்துனு உக்காரும். வகுப்பே சிரிக்கும். கிளாஸ் டீச்சர் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தறா, 'அந்த மூணு பேரையும் கூப்பிட்டுக் கண்டிங்க மேடம்'னு. கண்டிக்கவா! அதுல ஒண்ணு பெற்றோர் சங்கத் தலைவரோட பொண்ணு. அந்த மனுஷன் இங்க வந்து உக்காந்தா பேச்சை நிறுத்தவே மாட்டார் தம்பி. சில பேருக்கு அடுத்தவங்களைப் பேச விடணும்கிற நாகரிகமே… இருங்க இருங்க, நான் முடிச்சுக்கறேன்."

ஏதோ சொல்ல நிமிர்ந்த வக்கீல் மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

"நான் யோசிச்சேன். வம்பு எதுல இருக்கு? பட்டையில! பட்டை இருந்தாத்தானே கட்டுவாங்க? இவளைக் கூப்பிட்டேன். இதோ, இந்த மேஜை மேல பையை வைக்கச் சொன்னேன். கத்திரிக்கோலை எடுத்து ரெண்டு பட்டையையும் நறுக்குனு நறுக்கிட்டேன். 'இனிமே நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுட்டுப் போ. ஒரு கையை எடுத்தாலும் பிடுங்கிடுவாங்க'ன்னேன். முடிஞ்சுது! ஒருத்தரையும் கண்டிக்கலை, ஒருத்தரையும் அழ வைக்கலை. இவ மட்டும் கொஞ்சம் அழுதா… புதுப் பையாம்.

விழுந்த அன்னைக்கா? என்ன பெரிசா நடந்துச்சு! மூணு பேருல ஒருத்தி பின்னாலேருந்து லேசா ஒரு தள்ளு. வேற பிள்ளையா இருந்தா கம்பியைப் பிடிச்சுட்டு நின்னிருக்கும்… என்ன? இவ ஏன் பிடிக்கலையா? நல்லாக் கேட்டீங்க! எந்தக் கையால பிடிப்பா? ரெண்டு கையும் பையிலல்ல இருந்துச்சு! உருண்டு கீழ வந்து சேர்ற வரைக்கும் விடலையே. ஆயா ஓடிப்போய்த் தூக்கும்போதும் ஒடிஞ்ச கையால அதை இறுக்கிட்டே கிடந்தாளாம். 'விட்டா மேடம் திட்டுவாங்க'ன்னாளாம். என்ன கீழ்ப்படிதல் பாருங்க! இதைப் போய் ஒழுங்கில்லாத பள்ளிக்கூடம்னு…"

வக்கீல் பேனாவை மூடினார். காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். கைகூப்பிவிட்டு வாசற்கதவை நோக்கி நடந்தார்.

"அட, கிளம்பிட்டீங்களா? டீ வரச் சொல்லியிருக்கேனே! தம்பி… தம்பி, ஒரு நிமிஷம்! கோர்ட்டுல அந்தப் பட்டை யோசனை யாருதுன்னு கேட்டா, அந்தக் கிளாஸ் டீச்சர் பேரைச் சொல்லிடாதீங்க. அவ வேண்டாம் வேண்டாம்னு அழுதுட்டு நின்னவ. முழுக்க முழுக்க என் யோசனை!"