தலைகீழ்க் கடிகாரம்

— அந்தத் தகரக் குழாயைக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க தம்பி. போறவங்க வர்றவங்க முட்டியில எல்லாம் இடிக்குது. டிக்கெட் எங்கே?

— ரெண்டு ஸ்ரீரங்கம் குடுங்க கண்டக்டர். டேய் அழகிரி, குழாயை என்கிட்ட குடு. காலேஜ்லேருந்து ஒரு வார்த்தை பேசாம வர்றே.

— என்னத்தைப் பேசச் சொல்றே சகாயம்? எக்ஸிபிஷன்ல அத்தனை பேர் முன்னாடி ஜட்ஜ் கேட்டாரே, பெங்களூர்ப் பசங்க செஞ்சதைப் பார்த்து அப்படியே செஞ்சியான்னு. நான் காப்பியடிச்சவனாம்!

— அவங்க ஸ்டால் முதல்ல இருந்துச்சு. அதை முதல்ல பார்த்துட்டாரு, அவ்வளவுதான்.

— அந்த பெங்களூர் டீம் புட்டசாமி பக்கத்துலதான் நின்னான். வாயே திறக்கலை. ஆனியில புதுத்தண்ணி வந்தப்ப அவன் டீமோட வந்து எங்க வீட்டுல தங்கினவன், எங்கம்மா கையால சாப்பிட்டவன். "மேலே நாங்க, கீழே நீங்க, ரெண்டு காலேஜும் சேர்ந்து காவிரியை அளப்போம்"னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னவன்டா!

— நீ மட்டும் சும்மா இருந்தியா? அம்மா மண்டபத்துப் படியில உக்கார வச்சு ஒவ்வொரு ஆணியையும் விளக்கினே. நான் கண்ணைக் கண்ணைக் காட்டினேன். பார்த்தியா நீ?

— சிநேகிதன்னு நெனச்சேன். யாராவது எப்படின்னு கேட்டா எனக்குச் சொல்லாம இருக்க முடியாது. ஆனா நாளைக்கு ஜட்ஜுங்க எல்லாரும் கூடுறாங்க. புட்டசாமி திருடன்னு சொல்லத்தான் போறேன். இல்லேன்னா போட்டியிலேருந்து என் பேரை அடிச்சுடுவாங்க.

— அவசரப்படாதேடா. அடுத்த வருஷம் எம்.எஸ்சி.க்கு நான் அவங்க காலேஜுக்குத்தான் போகணும். புட்டசாமிதான் அவங்க புரொபசர்கிட்ட எனக்காகப் பேசியிருக்கான்.

— அதுக்காக நான் திருடனாகணுமா?

— உனக்கு மூளை இருக்கு, வேற எதையாவது செய்வே. இதை விட்டுத் தள்ளு.

— அப்படி என்னதான் தம்பி இது? சண்டை போடுற அளவுக்கு?

— ஆத்துல தண்ணி ஏறுறதையும் எறங்குறதையும் தானா எழுதும் கண்டக்டர். இந்தக் குழாயை ஆத்துல நட்டு வைப்போம். அடியில சின்ன ஓட்டை பாருங்க. வெளியில எவ்வளவு அலை அடிச்சாலும் உள்ளே தண்ணி ஆடாது, மெதுவாத்தான் ஏறும். அதுல இந்த டப்பா மிதக்கும். டப்பாவுல கட்டின நூல் பேனாவை இழுக்கும். பிஸ்கட் டின்னுல பேப்பர் சுத்தியிருக்கு, அதுல பேனா கோடு போடும். டின்னைச் சுத்துறது இந்த அலாரம் கடிகாரம்.

— எல்லாம் சரி, கடிகாரத்தைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்களே!

— நேரா வச்சா நின்னுடும். அதையும் விடலை கண்டக்டர் அவங்க! கடையில வாங்கின புத்தம்புதுக் கடிகாரம், நாங்க எங்களுதை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே அதைத் தலைகீழா மாட்டியிருக்கான் புட்டசாமி. "இப்படி வச்சாத்தான் அதிர்வு குறையும்"னு ஜட்ஜுக்கு விளக்கம் வேற.

— போதும்டா அழகிரி. பஸ்ஸே நம்மளப் பார்க்குது.

— பார்க்கட்டும் தம்பி, கூட்டம் குறைச்சல்தானே. உங்களுது ஏன் அப்படி ஓடுது?

— எங்கப்பாவோட கடிகாரம். ஆடிப்பெருக்கு அன்னிக்குக் கூட்டத்துல இவன் கை தவறிப் படித்துறையில விழுந்துச்சு. அன்னியிலேருந்து தலைகீழா வச்சாத்தான் ஓடும். வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு இவன்தான் சொன்னான். இன்னிக்கு ஸ்டால்ல வைக்கிற வரைக்கும் எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆடிப்பெருக்கு...

— என்னடா, பாதியில நிறுத்திட்டே?

— புட்டசாமி வந்தது ஆனியில.

— அதனால என்ன?

— அப்ப இது நேரா நின்னு ஓடிச்சு சகாயம்.

— கண்டக்டர், விசில் குடுங்க. நான் இறங்கணும்.

— ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு, காவிரிப் பாலத்து நடுவுல எங்க தம்பி இறங்குவீங்க?