கடைசிப் பாரம்

— இது ஆகாது மேடம். ஒட்டுன புஸ்தகம்.

— புதுப் புஸ்தகம் இசைவாணி! போன மாசந்தான் வந்துச்சு. பரிசு வாங்குன நாவல். இன்னும் ஒருத்தரும் தொடக்கூட இல்ல.

— பரிசு இருக்கட்டும். முதுகப் பாருங்க. நூலே கெடையாது, வெறும் பசை. தெனம் பைண்டிங்ல உக்காந்து இதத்தான பாக்குறேன். இதப் பிரிச்சா தாள் தாளாக் கையோட வந்துரும். காத்துல பறந்துச்சுன்னா நாரணாபுரம் பூராவும் பொறுக்கிட்டு அலையணும்.

— ஒரு நிமிஷம். பிரிச்சாவா? லைப்ரரி புஸ்தகத்த யாரு பிரிக்கப் போறா? நான் இங்க வேலைக்கு வந்தே அஞ்சு மாசந்தான் ஆச்சு. என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க!

— ஏத்தா வாணி, மேடத்துக்கு நீ இன்னும் விசயத்தையே சொல்லலையா?

— நீங்கதான மாடத்தி மதினி சொல்றேன்னீக.

— நான் எங்க சொன்னேன்? வாசகர் வட்டத்துக்குப் பொம்பளைகளச் சேத்துத் தாரேன்னு ஆர்த்தி மேடத்துகிட்டச் சொன்னேன், சேத்துட்டேன். எங்க பட்டாசுக் கம்பெனில திரி வைக்கிறவ, பெட்டி போடுறவ, ஒருத்தி விடாம வீடு வீடாப் போயி இழுத்தாந்துருக்கேன். உன்னையும் என்னையும் சேத்துப் பதினோரு பேரு. அம்புட்டுத்தான் என் சோலி.

— அக்கா, நீங்க சேத்தது பெரிய விஷயம். ஆனா பிரிக்கிறதுன்னா என்னன்னு யாராச்சும் சொல்லுங்க.

— பயப்படாதீக மேடம். போன வருசம் உங்களுக்கு முந்தி இருந்த சார் இதே மாதிரி வட்டம்னு ஆரம்பிச்சாரு, தெரியுமா?

— கேள்விப்பட்டேன். நின்னுபோச்சாமே?

— நிக்காம என்ன செய்யும்? ஏழு பேரு, ஒத்தப் புஸ்தகம். ஆளுக்கு ஒரு வாரம்னு வீடு வீடாச் சுத்துச்சு. கடைசி ஆளு கையில போய்ச் சேர்றப்ப மொத ஆளுக்குக் கதையே மறந்துபோச்சு. கூடி உக்காந்து என்னத்தப் பேச?

— அதுலயும் நடுவுல ஒருத்தி புஸ்தகத்தத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிட்டா. பிள்ளைக்கு மொட்டை போட்டுட்டுத்தான் வந்தா.

— நானும் அதுக்குத்தான் பத்து காப்பி கேட்டு மேல எழுதிப் போட்டேன்க்கா. அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க.

— அடுத்த வருசமா! மேடம், இப்ப தீவாளி முடிஞ்சு கம்பெனி லீவு. பூசை போட்டுத் தொறக்க இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. தொறந்துட்டா விடியல வேன் ஏறி, பொழுதடைஞ்சு வந்து, கஞ்சியக் குடிச்சுட்டு விழுறவதான் எல்லாரும். இந்த மாசத்த விட்டா என் பதினோரு பேரையும் பிடிக்க முடியாது. “படிக்கப் போவோம் வாங்கன்னு கூப்பிட்டியே, எங்கடி புஸ்தகம்?”னு தெருவுல என்னயத்தான் சிரிப்பாளுக. மாடத்தி பேச்ச அதுக்குப் பெறகு எவ கேப்பா?

— அதான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மேடம், புஸ்தகம்னா என்ன? பாரம் பாரமா அடிச்சு, மடிச்சு, அடுக்கித் தைக்கிறதுதான? ஒரு பாரத்துல பதினாறு பக்கம். தையலப் பிரிச்சா ஒவ்வொரு பாரமும் சின்ன நோட்டு மாதிரி தனித்தனியா நிக்கும்.

— சரி…

— மொத நா மொத பாரம் மொத வீட்டுக்கு. மறுநா அவ அதப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டு, ரெண்டாம் பாரத்த வாங்கிக்கிடுவா. அதுக்கு மறுநா…

— ஐயோ! புரிஞ்சுருச்சு, புரிஞ்சுருச்சு! மொத ஆளு மூணாவது படிக்கிறப்ப ரெண்டாவது ஆளு ரெண்டாவது, மூணாவது ஆளு மொதலாவது! எல்லாரும் வரிசையாத்தான் படிப்பாங்க, ஆனா ஒரே நேரத்துல படிப்பாங்க!

— பக்கா. லைன் ஓட்டுறது மேடம். காலண்டரு ஆர்டருக்கு நாங்க இப்படித்தான் ஓட்டுவோம்.

— எங்க கம்பெனிலயும் அப்படித்தான. ஒருத்தி திரி வச்சுத் தள்ளுவா, அடுத்தவ தாள் ஒட்டித் தள்ளுவா, அதுக்கடுத்தவ பெட்டில அடுக்குவா. கை நிக்கப்படாது. காலையில தண்ணி பிடிக்கக் குழாய்க்கு வருவாளுகள்ல, அங்கன வச்சே கை மாத்திக்கிடலாம்.

— மூணு வாரத்துல பதினோரு பேரும் முடிச்சுரலாம்! கம்பெனி தொறக்குறதுக்கு முன்னாடி! இசைவாணி, இங்க வாங்க, உங்க கையக் குடுங்க… ஐயோ, ஆனா முடியாது. முடியாதுங்க. அரசாங்கப் புஸ்தகத்துல கத்தி வைக்க முடியாது.

— நல்ல புஸ்தகத்துல யாரு கத்தி வைக்கச் சொன்னா? அந்த மூலையில சாக்குல கெடக்குதே, அது என்ன?

— அது பைண்டிங்குக்குப் போற கட்டு. முதுகு விட்டுப்போச்சு, அட்டை கிழிஞ்சு…

— எங்க போகும்?

— எதாவது பிரஸ்ஸுக்கு… ஓ!

— ம்ம்.

— ஓ! இசைவாணி! அத எப்படியும் பிரிச்சுத்தான் தைக்கணும்!

— பிரிக்கிறது இன்னைக்கு. தைக்கிறது மூணு வாரங்கழிச்சு. நடுவுல கொஞ்சம் ஊரச் சுத்திட்டு வரும். கெட்டி அட்டை போட்டு நானே தைச்சுத் தாரேன். கூலி வேணாம், ஒரு டீ போதும்.

— மேடம் முகத்தப் பாரு வாணி, கம்பி மத்தாப்பு கணக்கா இருக்கு! தட்டுங்க சாக்க, தரையில தட்டுங்க. தும்மலு வந்தா வரட்டும்.

— ஆனா இதெல்லாம் பழசுக்கா. கிழிஞ்சது. முதல் புஸ்தகமே இப்படிக் குடுத்தா நல்லா இருக்குமா?

— என்ன மேடம் இப்படிச் சொல்றீக? நல்லா இருக்கப்போயித்தான கிழிஞ்சிருக்கு? உங்க பரிசு வாங்குனது சொகமா அலமாரியில உக்காந்திருக்கு. இத எம்புட்டுக் கை பெரட்டியிருந்தா இப்படி ஆயிருக்கும்! இந்தா, இதப் பாருங்க, ஓரமெல்லாம் மஞ்சக்கறை. எவளோ அடுப்பங்கரையில வச்சுப் படிச்சிருக்கா. இதுல என்னமோ இருக்கு.

— அது சமையல் புஸ்தகம் மதினி.

— அப்ப அத அங்கிட்டு வையி.

— தைச்சதா, ஒட்டுனதான்னு நான் பாத்துத் தாரேன். மேடம், நீங்க மொத பக்கத்த வாசிங்க. மதினி, நீங்க தீர்ப்பு சொல்லுங்க.

— ஆமா மேடம், நீங்களே வாசிங்க. உங்க வாயில கேட்டாத்தான் எடுப்பா இருக்கு.

— சரி, இது. “பேரரசின் வடக்கு வாயிலில் நூறு புரவிகள் ஒரே நேரத்தில் கனைத்தன.”

— புரவின்னா?

— குதிரைக்கா.

— வேணாம். குதிரை வந்தா ராசா வருவான். ராசா வந்தா சண்டை போடுவான். பாதிப் புஸ்தகத்துக்கு வாளத் தூக்கிட்டே திரிவான், நம்ம எப்பக் கண்ணசர?

— அடுத்தது. “வாழ்க்கை என்றால் என்ன என்று ஆனந்தரூபன் யோசித்தான்.”

— அவனுக்கே தெரியலயாம், நமக்கு என்னத்தச் சொல்லப்போறான்? யோசிச்சு முடிச்சுட்டு வரச் சொல்லுங்க.

— அக்கா, நீங்க இப்படித் தள்ளுனா சாக்கு காலியாயிரும்!

— காலியானா ஆகட்டும். என் பேரச் சொல்லிச் சேத்த பொம்பளைக. சப்புனு ஒண்ணக் குடுத்தா மறுநாளே திருப்பிக் குடுத்துட்டு டிவி முன்னாடி உக்காந்துருவாளுக. மொத வரியிலயே மடியப் பிடிச்சு இழுக்கணும் மேடம்.

— இந்தாங்க மேடம், இது நல்ல தையலு. அட்டையும் இல்ல, பேரும் இல்ல. ஆனா கதையோட மொத பக்கம் இருக்கு.

— “கல்யாணத்துக்கு முந்தின நாள், தனக்குக் கட்டுவதற்காகச் செய்து வைத்திருந்த தாலியை மடியில் முடிந்துகொண்டு தங்கமாரி பஸ் ஏறினாள்.”

— ஆத்தீ!

— எந்த பஸ்ஸு?

— இருங்க, இருங்க. “எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டார். கடைசி நிறுத்தம் என்றாள். அது எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது.”

— தாலியையா தூக்கிட்டுப் போறா! மாப்பிள்ளையே இல்லாம! மேடம், அடுத்த வரி!

— “பின்னால் நாதஸ்வரக்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.”

— அவளுக்கு வேற ஆளு இருக்கான் மதினி. அவன்கிட்டக் குடுத்துக் கட்டச் சொல்லுவா.

— போடி இவளே. ஆளு இருந்தா எந்த ஊருன்னு தெரியாமலா ஏறுவா? அவ அத வித்துருவா. வித்துத் தையல் மெசினு வாங்கிப் போட்டு உக்காந்துருவா.

— எனக்கு என்ன தோணுதுன்னா, அவளே திரும்பி வந்து, எல்லார் முன்னாடியும் அதத் தூக்கி அப்பா கையில குடுத்துருவா.

— உங்களுக்குத் தெரியாதா மேடம்? நீங்க படிச்சதில்லையா?

— இல்ல! சத்தியமா இல்ல. பேரு இருந்தாத்தான தேடிப் படிக்க? இருங்க, கடைசிப் பக்கத்த மட்டும் ஒரு தடவ…

— கைய எடுங்க! மேடம், கைய எடுங்க! யாரும் கடைசிப் பக்கத்தத் தொறக்கக் கூடாது!

— நான் லைப்ரரியன்!

— நீங்க யாரா இருந்தாலும் சரி. வட்டம்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். மதினி, தீர்ப்பு?

— தீர்ப்பு என்ன தீர்ப்பு? இதான். இதேதான்! பதினோரு பேருல ஒருத்தி இத வச்சுட்டுத் தூங்கிட்டான்னா நான் என் பேர மாத்திக்கிடுதேன்.

— அப்ப பிரிக்கட்டுமா மேடம்?

— பிரிங்க. பிரிங்க, நான் பாக்கல. சத்தம் மட்டும் வராமப் பிரிங்க.

— இது என்ன கோழியா? நூலத்தான அறுக்கேன். இந்தா, ஒண்ணு… ரெண்டு… பாருங்க, எம்புட்டு அழகா வருது. எல்லாப் பாரமும் இருக்கு. பன்னண்டு. ஒண்ணும் கொறையல.

— முழுசா இருக்கா? கடைசி வரைக்கும்?

— கடைசி வரைக்கும் இருக்கு. நான் பாக்கல, மடிப்ப மட்டுந்தான் எண்ணுனேன்.

— எனக்குச் சந்தோஷத்துல என்ன செய்யன்னே தெரியல. சரி, ஞாயித்துக்கிழமைதோறும் இங்க கூடலாம். வட்டமா உக்காந்து, பிடிச்ச இடத்த ஆளுக்கு ஒரு பத்தி சத்தமா வாசிக்கலாம்…

— அதெல்லாம் எதுக்கு மேடம்? பேசுனாப் போதாதா?

— வாசிச்சா நல்லா இருக்கும்க்கா. சரி, அதப் பெறகு பாக்கலாம். இப்ப லைன் போடுவோம். தெரு முனையில உங்க வீடுதான மாடத்திக்கா? அப்ப மொத பாரம் உங்களுக்கு. இந்தாங்க, தங்கமாரிய மொதல்ல வழியனுப்புறது நீங்கதான்.

— எனக்கு மொத பாரம் வேணாம்.

— ஏன்க்கா? இவ்வளவு நேரம் அடுத்த வரி அடுத்த வரின்னீங்க!

— வாணிக்குக் குடுங்க. அவ மொதல்ல நிக்கட்டும்.

— நீங்க ரெண்டாவதா மதினி?

— வேணாம்.

— மூணாவது? நடுவுல? எங்கனதான் நிப்பீக?

— அந்தக் கடைசிப் பாரத்த எங்கிட்டக் குடுத்துருங்க.

— என்னது! பாத்தீகளா மேடம், பாத்தீகளா! மதினி முடிவத் திருடப் பாக்குறாக!

— அது எப்படியும் சும்மாதான கெடக்கப்போகுது? மொத ஆளுக்கே ரெண்டு வாரம் கழிச்சுத்தான வேணும்?

— சும்மா கெடக்கட்டும், இந்த மேசைக்குள்ள கெடக்கட்டும். மேடம், குடுக்காதீக. சீரியல்ல நாளைக்கு என்ன வரும்னு இன்னைக்கே சொல்ற ஆளு இவுக. நாளைக்குக் குழாயடியில “தங்கமாரி செத்துட்டா”னு ஒரு வார்த்தை விட்டாப் போச்சு, பதினோரு பேரு படிப்பும் பாழு.

— நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— நீங்களா!

— அக்கா, இசைவாணி சொல்றதுல நியாயம் இருக்கு. எல்லாருக்கும் முன்னாடி ஒருத்தர் மட்டும் முடிவப் படிக்கிறது சரியில்ல. என்னயவே தொட விடலையே? நீங்களே சேத்த வட்டம்க்கா. நீங்களே ஏமாத்தலாமா?

— ஏமாத்தலை மேடம்.

— பெறகு எதுக்கு மதினி? காரணத்தச் சொல்லுங்க.

— வாணி, நீ கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கோ. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராது.

— என்ன புதுசா… சரி, திரும்பிட்டேன். சொல்லுங்க.

— அக்கா, அழுறீங்களா?

— அழுகல மேடம். எனக்குப் பெட்டி லேபிள்ல இருக்கிற எழுத்துத்தான் முன்னாடி தெரியும், இப்பத்தான் என் சின்ன மகளோட பள்ளிக்கூடப் புஸ்தகத்த வச்சு எழுத்துக் கூட்டுறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நா ஆகுது, லைன்ல நின்னா என் வீட்டோட கதை நின்னுபோகும். மத்த பாரத்த எல்லாம் வாணி எனக்கு வாசிச்சுக் காட்டட்டும், இந்தக் கடைசிப் பதினாறு பக்கத்த மட்டும் லைன்ல விடாம நான் இன்னைக்கே ஆரம்பிச்சுக் கூட்டிக் கூட்டி முடிச்சு வைக்கேன். கடைசி ஞாயித்துக்கிழமை தங்கமாரி அந்தத் தாலிய என்ன செஞ்சான்னு உங்க அம்புட்டுப் பேருக்கும் நாந்தான் மேடம் வாசிச்சுச் சொல்லணும்.