நீட்டுக்கைச் சேட்டு

— கல்லுத்தான் ஸ்ரீ அண்ணை, சத்தியமா. சின்னக் கல்லு. நாளைக்கு வீட்டை போயிடுவன்.

— கல்லுக்கோ செல்வராசா, கிட்னியிலை ஊசி குத்திச் சதை எடுத்தவங்கள்?

— ஆர் சொன்னது?

— உம்மடை மனுசி. லிப்டிலை என்னைக் கண்டதும் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டா. ரெண்டு மாடி ஏற முன்னம் எல்லாத்தையும் கொட்டிப்போட்டா.

— நீங்கள் ஏன் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தனீங்கள்? இந்த வெயிலுக்கை நீட்டுக்கைச் சேட்டும் போட்டுக்கொண்டு.

— வேறை அலுவல். கதையை மாத்தாதையும். என்ன வருத்தம்?

— ரெண்டு. என்ரை பழைய மூட்டுவாதத்தாலை ஏதோ புரதம் கிட்னியிலை மெழுகு மாதிரிப் படிஞ்சிட்டுதாம். அமிலொய்ட் எண்டுறாங்கள். அது காணாதெண்டு கிட்னி வடிகட்டியெல்லாம் வீங்கி, பூதக்கண்ணாடியிலை பிறை பிறையாத் தெரியுதாம். ரெண்டும் ஒரே ஆளுக்கு வாறது அருமையாம். புரொபெசர் மாணவரைக் கூட்டிவந்து என்னைக் காட்டினவர்.

— சிவனுக்குத் தலையிலை பிறை, உமக்குக் கிட்னியிலை. கோயில் கட்டுவமோ?

— சிரியாதேங்கோ. இண்டைக்கே கோர்ட்டிசோன் மருந்து ஏத்தாட்டி ரெண்டு கிட்னியும் போயிடுமாம். நான் கலியாணம் முடியட்டும் எண்டிட்டன்.

— ஏன்?

— அந்த மருந்துக்கு முகம் பூசணிக்காயா வீங்குமாம். அடுத்த மாசம் மணவறையிலை அப்பிடி நிண்டால் கொலோன் நகரத்துத் தமிழ்ச்சனம் முழுக்கக் கதை. வருத்தக்காரன்ரை பிள்ளை எண்டு உங்கடை மகன் கீர்த்தனனுக்கு என்ரை ஆதிரையை வேண்டாமெண்டு சொல்லிப்போடுவியள். அவள் தாங்கமாட்டாள், அண்ணை.

— நல்ல யோசினை. வீடியோவிலை வடிவா நிண்டிட்டு, பிறகு கிழமைக்கு மூண்டு தரம் ரத்தம் கழுவிற மெசினிலை படும். தண்ணியும் அளந்துதான், கேட்டீரோ. வாழைப்பழம் கண்ணிலையும் காட்டமாட்டாங்கள்.

— உங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?

— முதல்லை மருந்துக்கு ஓம் சொல்லும். நேர்ஸ் லிசா வாசல்லை நிக்கிறா.

— கலியாணத்தை நிப்பாட்ட மாட்டியளே?

— நீர் மருந்து ஏத்தாட்டித்தான் நிப்பாட்டுவன், கேட்டீரோ.

— சரி. சத்தியமா ஏத்திறன். லிசாவை வரச்சொல்லுங்கோ.

— சொல்லுறன். அதுக்கு முன்னம் உம்மடை கையைத் தாரும்.

— ஏன் இப்ப உங்கடை சேட்டுக்கையைச் சுருட்டுறியள்?

— இதிலை வையும்.

— என்ன அண்ணை இது? தோலுக்குள்ளை போன் அதிருற மாதிரி இரையுது.

— டயாலிசிஸ் மெசின் ஊசி குத்திறதுக்கு ஒப்பரேசன் செய்து பொருத்திவைச்ச நரம்பு. கீழ்மாடியிலை எனக்கும் ஒரு கட்டில் இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், கேட்டீரோ. பொம்பிளை வீட்டாருக்குத் தெரிஞ்சால் கலியாணத்தைக் குழப்பிப்போடுவினம்.