நடுமணியை நம்பாத நல்லவருக்கு

ஒளிக்கூடத்தின் ஓயாத விழியே! ஐயம் தெளிய ஆயிரம் முறை அளக்கும் அண்ணலே! இருபத்திரண்டு ஆண்டுகள் லேசர் ஒளியாலேயே நுண்மணிகளைப் பிடிக்கும் எங்கள் ஹோலோகிராம் ஒளியிடுக்கியைக் காத்து, அதைவிடக் கவனமாக எங்களைக் கண்காணித்து, இன்று விடைபெறும் மாண்புமிகு ஓரின் வேன்டர்ஸ்லூட் அவர்களே! வணக்கம்.

சற்றுமுன் கேக்கைப் பார்த்து, "இதுல யாரு கை வச்சது?" என்றீர்கள். சட்டமிட்ட இந்த மடலை எடுத்ததும், "என்னடா உள்குத்து இதுல?" என்றீர்கள். இருக்கிறது, ஐயா.

கண்ணாடித் திருகுகளில் பென்சில் கோடிட்டு, எவர் தொட்டார் என்று காலைதோறும் கண்டுபிடித்த கூர்மதியே! தங்கள் காபிக் கோப்பையிலும் அப்படியொரு கோடு இருந்ததை நாங்கள் அறிவோம். தாங்கள் எங்களைச் சந்தேகித்தீர்கள். நாங்களும் தங்களைச் சந்தேகித்தோம். அந்தக் கணக்கு நேர்.

நான்காண்டுகளுக்கு முன் நம் கூடத்து ஆய்வாளர் கொலீன் டாம்பிராவ்ஸ்கி ஹோலோகிராமால் லேசர் கற்றையைப் பன்னிரண்டாகப் பிரித்து, நீருக்குள் பன்னிரண்டு நுண்மணிகளை வளையமாகப் பிடித்து வைத்தார். யாரும் பிடிக்காத பதின்மூன்றாம் மணி ஒன்று தானே வந்து நடுவில் நின்றது. வளையமே அதை ஈர்க்கிறது, இது புதிய விசை என்று ஆறாண்டு உழைப்பைக் கட்டுரையாக்கினார். மறுநாள் ஆய்விதழுக்கு அனுப்பவேண்டும். கூடமே கைதட்டியது. தாங்கள் மட்டும் தட்டவில்லை.

"வளையத்தைக் கொஞ்சம் பக்கவாட்டுல நகர்த்து கொலீன். நடுமணியும் கூட வருதான்னு பாப்போம்."

"என் வேலைல மண்ணள்ளிப் போடணும்னே நிக்கிறீங்களா, ஓரின்? கண்ணாடிய நீங்களே திருகி விட்டிருப்பீங்க!"

"திருகல. நகர்த்து."

நகர்த்தினார். பன்னிரண்டும் நகர்ந்தன. நடுமணி நின்ற இடத்திலேயே நின்றது. ஹோலோகிராமில் பிரியாமல் தப்பி நேரே நடுவில் விழும் மிச்ச ஒளியை மறைக்க அவர் மறந்திருந்தார். அந்த மணியைப் பிடித்திருந்தது அதுதான். எங்கள் தொழிலில் தலைகுனிய வைக்கும் பிழை. கட்டுரையைக் கிழித்தார். அன்றிலிருந்து தங்களோடு ஒரு சொல் பேசவில்லை. நாங்களும் தாங்கள்தான் ஏதோ செய்தீர்கள் என்று முணுமுணுத்தோம். வெட்கமாக இருக்கிறது, ஐயா. அந்தக் கட்டுரை வெளிவந்திருந்தால் எங்கள் அத்தனை பேர் பெயரும் கெட்டிருக்கும்.

உண்மையின் காவலரே! நூறாண்டு நலமாக வாழ்க! மருத்துவர் நலமென்று சொன்னாலும் நம்பாமல், மறுபடி அளக்கச் சொல்லி வாழ்க!

இங்ஙனம்,
ஒளிக்கூடப் பணியாளர்கள் பன்னிருவர்

கண்ணைச் சுருக்காதீர்கள். கையெழுத்துகளை எண்ணினால் பதின்மூன்று வரும். பன்னிரண்டு வளையமாக இருக்கின்றன. நடுவில் இருப்பது கொலீனுடையது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்று காலை அவரே வந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார்: "சட்டத்தை நகர்த்திப் பாருங்க ஓரின். இந்தத் தடவை நடுவுல இருக்கறதும் கூட வரும்."