ஸ்டீபன் பேரில் ஓடிய கம்பெனி

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அஞ்சாவது வரைக்கும் படித்தவன். பேங்க்கில் என் காலில் ஒட்டிய சேற்றைப் பார்த்துவிட்டுக் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டுவார்கள். நான் அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்பேன். தனக்கோடி என்று முழுசாக எழுதுவேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். இன்னொருவனிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஊர் தோணிரேவு. ஐம்பது வருசமாகப் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறேன். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு எடுப்போம். பேர் இருக்கிறவனுக்குத்தான் பாடு. தப்பு செய்தவனுக்கு ஊர் கூடிப் பாட்டை நிறுத்தும். அப்போது அவன் மச்சான் பேரிலோ பங்காளி பேரிலோ இறங்குவான். ஊரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும். அவன் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. நானும் இரண்டு தடவை பேர் கொடுத்திருக்கிறேன். அது எங்களுக்குத் தப்பாகத் தெரியாது.

மூணு வருசத்துக்கு முந்தி திருவேங்கடம் வந்தான். பழவேற்காட்டில் நண்டு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜெண்டு அவன்.

"மாமா, எங்க மொதலாளி பேரைத் தடை லிஸ்ட்டுல ஏத்திட்டானுங்க. பேங்க்குல எல்லாம் முடங்கிப்போச்சு."

"இன்னா பண்ணான் உங்க மொதலாளி?"

"எங்கியோ எவனோ ராக்கெட்டு, குண்டு செய்றான். அவனுக்குச் சாமான் வாங்கிக் குடுத்தாருன்றாங்க. சாமான் போவக்கூடாதுன்னா காசை நிறுத்தணுமாம். இனிமே அந்தப் பேருக்கு எந்த நாட்டுலயும் பத்துப் பைசா நகராது."

"ஊரு பாட்டை நிறுத்துன மாதிரி."

"கரெக்டா புடிச்ச மாமா. அதான் உன்னாண்ட வந்தேன். வேற பேர்ல எறங்கணும். ஒரு கம்பெனி, ஒரு கையெழுத்து. உன் படகுக்குப் புது மோட்டாரு நான் போட்டுத் தரேன்."

என் பேர் வேண்டாம் என்றேன். ஸ்டீபன் பேரைச் சொன்னேன்.

ஸ்டீபன், என்னோடு ஒரே படகில் முப்பது வருசம் வலை இழுத்த சின்னப்பனின் மகன். சின்னப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் செய்த ஒப்பந்த வேலை முடிந்து ஸ்டீபன் சும்மா இருந்தான். இங்கிலீஷ் படிப்பான். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் ஊரில் சொன்னேன். அவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஏதாவது ஆனால் என் வாசலில் வந்து கேட்க ஆள் இல்லை. இதைக் கடைசியில் எழுதலாம் என்றிருந்தேன். இங்கேயே வந்துவிட்டது.

அவன் பேப்பரை எல்லாம் படித்தான். "ஐஸ் பேக்டரி சாமான்னு போட்ருக்குது பெரிப்பா. நண்டுக் கம்பெனி எதுக்கு அதை வெளிநாட்டுக்கு அனுப்புது?"

"நண்டு போற எடத்துல ஐஸ் வேணாமா? நான் சொல்றேன், போடுடா."

"நைனா இருந்தாலும் உன்னதான் கேட்ருப்பாரு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அவன் பெண்டாட்டி ஜெபசெல்வி நண்டுக் கொட்டகையில் வேலை செய்கிறவள். "மொதலாளியம்மா ஆயிட்டேன் பெரிப்பா. இனிமே நண்டு ஒடைக்கச் சொன்னா கை வலிக்கும் எனக்கு," என்று சிரித்தாள்.

வெளிநாட்டுக்குப் போகிற சாமான் பெட்டிகள் என் வீட்டுக் கொட்டகைக்குத்தான் வந்தன. கம்பெனி விலாசமும் என் வீடுதான். ஸ்டீபன் இருந்தது வாடகை வீடு. ஒரு பெட்டி உடைந்து உள்ளேயிருந்து ஒரு வால்வு உருண்டது. எடுத்து வேலி ஓரம் வைத்தேன். எங்கள் உப்புக் காற்றில் ஆணி ஒரு வாரம் தாங்காது. அது இரண்டு மாசம் கிடந்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. இப்படிப்பட்ட இரும்பை எந்த ஐஸ் பேக்டரிக்காரனும் வாங்கமாட்டான்.

"இது இன்னாத்துக்குடா?" என்று திருவேங்கடத்தைக் கேட்டேன்.

"ராக்கெட்டுக்குத்தான். உன் தலைமேலயா வுழப்போவுது மாமா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வருசம் அவன் நாற்பது பெட்டி எடுத்துப் போனான். நான்தான் தூக்கிவிட்டேன்.

அப்புறம் ஸ்டீபன் பேருக்கு பேங்க்கிலிருந்து ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஜெராக்ஸ் கடை ஜாக்குலினிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"தாத்தா, இந்தக் கம்பெனிக்குப் பின்னால நெஜமா யாரு இருக்காங்கனு பதினஞ்சு நாள்ல எழுதித் தரணுமாம். லிஸ்ட்டுல இருக்கிற ஒரு ஆளுமேல சந்தேகமாம். சும்மா வெச்சுக்காத. ஓடிப்போய் ஸ்டீபன் அண்ணன் கையில குடு."

"குடுக்கறேம்மா," என்றேன்.

படகில் போகும்போது நாலாகக் கிழித்து ஏரியில் விட்டேன். காகிதம் சீக்கிரம் முழுகவில்லை. கழியால் சேற்றில் அமுக்கினேன். திருவேங்கடத்துக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் அவன் ஊரில் இல்லை.

இருபது நாள் கழித்து ஸ்டீபனைப் பிடித்தார்கள். பெரியவன் என்று நானும் கூடப் போனேன். சென்னையிலிருந்து வந்த அதிகாரியம்மா, "நோட்டீஸ் அனுப்பினோமே, ஏன் பதில் இல்லை?" என்று கேட்டார்.

"எனக்கு எதுவும் வரல மேடம். பெரிப்பாவக் கேளுங்க. இதுல எல்லாம் அவருக்குத் தெரியும். அவரு பொய் சொல்லமாட்டாரு."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "நான் படிக்காதவன்மா. எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். அப்படியே எழுதி நீட்டினார்கள். நானே மைப்பெட்டியைக் கேட்டு வாங்கிக் கைநாட்டு வைத்தேன். ஸ்டீபன் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டுக்குப் பேர் கொடுத்தவன் மாட்டிக்கொண்டால், ஊர் நடுவில் நின்று அபராதத்தை அவனே கட்டவேண்டும். அதுதான் முறை. நான் கொடுத்தது அடுத்தவன் பேர்.

இரண்டு வருசம் ஆகிறது. மாசம் ஒரு தடவை ஜெபசெல்வியோடு பஸ் ஏறிப் புழல் ஜெயில் வரைக்கும் போகிறேன். அவள் உள்ளே போய்ப் பார்ப்பாள், நான் வெளியே டீக்கடையில் இருப்பேன். வலையில் நல்ல மீன் விழுந்தால் அவள் வீட்டுக்குத்தான் முதலில். ஸ்டீபன் அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை போல. "நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன் பெரிப்பா," என்கிறாள். அந்த மீனை அவள் கையில் கொடுக்கும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். தபாலைக் கிழித்தவன் நான், பேரைக் கொடுத்தவன் நான், தெரிந்தே செய்தவன் நான். ஸ்டீபனுக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தடவை பேனாவால் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

இதைக் கவரில் போட்டு ஒட்டி, நான் செத்த பிறகு பிரிக்கவும் என்று மேலே எழுதப்போகிறேன். போன மாசம் பொன்னேரி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பு இரும்பு, இன்னும் பத்து வருசம் ஓடும் என்றார். ஸ்டீபனுக்கு முப்பத்தாறு வயசுதான். பொறுத்துக்கொள்வான், நல்ல பிள்ளை.